மிடில்டன் ஏன் இத்தாலியிலேயே குதிக்கவில்லை? பத்தாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்வி

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் வரும்போது, புத்தகத்தில் உள்ளதை முடித்துவிட்டு, அந்தப் போரில் இருந்த யாராவது ஒருவரைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கச் சொல்வது என் வழக்கம். உடன்படிக்கைகளும் கூட்டணிகளும் பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. ஒரு ஆளைச் சொன்னால் நிற்கிறது.

இந்த முறை ராடன் ஹ்யூம் மிடில்டன் என்ற ஆஸ்திரேலிய விமானியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியா என்றால் கிரிக்கெட்தான். ஆனால் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் அவர்கள் பார்க்கிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) அந்த நாட்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. "அந்த மரங்களோட சொந்த ஊர்ல வளர்ந்த பையன்" என்று ஆரம்பித்ததும் வகுப்பு அடங்கிவிட்டது.

நான் சொன்னது இது. 1916 ஜூலை 22இல் சிட்னியில் பிறந்தவர். டப்போ என்ற ஊரில் படித்துவிட்டு ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். 1940 அக்டோபரில் ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்தார். நாரோமைனில் விமானம் ஓட்டக் கற்று, கனடாவில் மேற்பயிற்சி முடித்து, 1941 செப்டம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பிரிட்டிஷ் விமானப்படையின் 149ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்டெர்லிங் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்துக்குக் கேப்டன். 1942 நவம்பர் 28 இரவு இத்தாலியின் டூரின் நகரில் உள்ள ஃபியட் தொழிற்சாலையைத் தாக்கப் போனார்கள். அது அவருக்கு 29ஆவது தாக்குதல். 30 முடிந்தால் ஓய்வு.

ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட 12,000 அடிக்கு ஏறவே விமானம் திணறியது. எரிபொருள் கணக்குக்கு மேல் தீர்ந்தது. டூரினில் 2,000 அடிக்கு இறங்கி, மூன்று முறை நகரத்தின் மேல் பறந்துதான் இலக்கு எது என்று கண்டுபிடித்தார்கள். அப்போது கீழேயிருந்து சுட்டதில் இடது இறக்கையில் பெரிய ஓட்டை. இன்னொரு குண்டு ஓட்டுநர் அறையிலேயே வெடித்தது. மிடில்டனின் வலது கண் போய்விட்டது, எலும்பு தெரிய முகம் கிழிந்தது, மயங்கிவிட்டார். விமானம் 800 அடிவரை விழுந்தது. இரண்டாவது விமானி ஹைடருக்குத் தலையிலும் இரண்டு கால்களிலும் காயம். அப்படியிருந்தும் அவர் விமானத்தைத் தூக்கி நிறுத்தி, 1,500 அடிக்கு ஏற்றிக் குண்டுகளைப் போட்டார். மயக்கம் தெளிந்த மிடில்டன், முதலில் நீ போய்க் கட்டுப் போட்டுக்கொள் என்று ஹைடரை அனுப்பிவிட்டுத் தானே ஓட்டினார். மறுபடி ஆல்ப்ஸ், அப்புறம் பிரான்ஸ். நான்கு மணி நேரம் கழித்துக் கடற்கரை வந்தபோது அங்கேயும் சுட்டார்கள். இங்கிலாந்துக் கரையை எட்டும்போது ஐந்து நிமிடத்துக்குத்தான் எரிபொருள் மிச்சம். எல்லோரையும் குதிக்கச் சொன்னார். ஐந்து பேர் குதித்துப் பிழைத்தார்கள். இரண்டு பேர் அவருக்குத் துணையாக இருந்துவிட்டார்கள். விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். மிடில்டனுக்கு 26 வயது. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அதுதான்.

சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், இத்தாலியிலேயே எல்லாரும் குதிச்சிருந்தா எட்டுப் பேருமே பொழச்சிருக்கலாமே? மிஞ்சிப்போனா ஜெயில்தானே?"

வீரம், தியாகம் என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். அது அவள் கேள்விக்குப் பதில் இல்லை. விமானம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவர் ஏன் குதிக்கவில்லை? அந்த இரண்டு பேர் ஏன் கூட இருந்தார்கள்? திங்கட்கிழமை வகுப்பில் நான் பதில் சொல்ல வேண்டும்.

பெட்போர்ட் முக்கு

டீச்சர், சிம்பிள். எதிரி நாட்டில் குதித்தால் பிடித்துச் சுட்டுவிடுவார்கள். ஹிட்லர், முசோலினி காலம். அதனால்தான் எப்படியாவது ஊர் போய்ச் சேரலாம் என்று ஓட்டியிருப்பார்.

வெலிங்டன் ஓய்வு

டீச்சருக்கு வணக்கம். நான் இந்திய விமானப்படையில் நேவிகேட்டராக, அதாவது வழி கணிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வெலிங்டனில் இருக்கிறேன். பாக்கெட் என்ற சரக்கு விமானத்தில் லடாக்கின் லே பக்கம் நிறையப் பறந்திருக்கிறேன். அதனால் மலையைத் தாண்டுவது பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்தப் பெண்ணின் கேள்வி மிகச் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே நண்பர் சொன்னதற்கு. பிடிபட்டால் சாவுதான் என்பது அந்தக் காலத்து நிலவரம் இல்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 9,838 பேர் போர்க்கைதிகளாக இருந்திருக்கிறார்கள். ஆகவே, மிஞ்சிப்போனால் ஜெயில் என்று மாணவி சொன்னது பெரும்பாலும் சரி. குதிப்பது உண்மையிலேயே அவர்கள் முன்னால் இருந்த வழிதான். விருது அறிவிப்பிலேயே அது இருக்கிறது. விமானத்தைக் கைவிடலாமா, வடக்குப் பிரான்சில் இறக்கலாமா என்று திரும்பும்போது பேசியிருக்கிறார்கள். மிடில்டன்தான் இங்கிலாந்துக் கரைவரை போகப் பார்க்கிறேன், அங்கே நீங்கள் குதிக்கலாம் என்று சொன்னவர். அதற்குள் தன் உடம்பில் தெம்பு இருக்காது, தான் தப்பிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று தெரிந்தே சொன்னார் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் இல்லை.

இனி அந்த விமானம். ஸ்டெர்லிங் பிரிட்டனின் முதல் நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானம். பார்க்க மலை மாதிரி இருக்கும், ஆனால் உயரம் ஏறாது. இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 99 அடிதான். அந்த எடைக்கு அது போதாது. அது ஏறக்கூடிய உச்சமே சுமார் 16,500 அடி. குண்டும் எரிபொருளுமாக நிரப்பினால் அதுவும் வராது. அதே இரவில் போன லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானங்கள் இவர்கள் தலைக்கு மேலே வசதியாகப் பறந்தன. 1943 நவம்பரில் ஸ்டெர்லிங்கை ஜெர்மனி மீதான தாக்குதல்களிலிருந்து விலக்கியே விட்டார்கள்.

12,000 அடி என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அந்த உச்சியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர் என்று சொல்லிக் காட்டுங்கள். அதுதான் மிடில்டன் ஏறிய உயரம். ஆனால் ஆல்ப்ஸில் மான் பிளாங்க் 4,807 மீட்டர். ஆக, அவர் மலைகளுக்கு மேலே பறக்கவில்லை, மலைகளுக்கு நடுவே பறந்திருக்கிறார். அதுவும் சிகரமே கண்ணுக்குத் தெரியாத இருட்டில். லே போகும்போது நாங்கள் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடப் பார்ப்போம். சூடு ஏறினால் காற்று லேசாகிவிடும், எஞ்சின் இழுக்காது. எங்கள் பாக்கெட்டுக்கு முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினே பொருத்தியிருந்தார்கள். அப்படியும் பள்ளத்தாக்குக்குள் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கை வேர்க்கும். பகலில், நம் நாட்டுக்குள், யாரும் சுடாத இடத்தில் எனக்கு அப்படி இருந்தது. ஆகவே இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையை மறைத்து எழுத முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். டூரினிலேயே ஏன் குதிக்கவில்லை?

அடிபட்டபோது அவர்கள் 2,000 அடியில் இருந்தார்கள், 800 அடிக்கு விழுந்தார்கள், பிறகு 1,500. பாராசூட்டுக்கு உயரம் வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் விமானத்தில், இருட்டில், கனமான உடுப்போடு எட்டுப் பேர் ஒவ்வொருவராக வழிக்கு வந்து வெளியேற நேரமும் வேண்டும். கீழே சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே அந்த நிமிடத்தில் குதிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நகரத்தை விட்டு விலகிய பிறகு? முன்னால் ஆல்ப்ஸ், நவம்பர் கடைசி, பனி. மிடில்டனுக்கு முகம் போய்விட்டது, ஹைடருக்கு இரண்டு கால்களிலும் ரத்தம் நிற்கவில்லை, வயர்லெஸ் ஆபரேட்டருக்கும் காலில் காயம். காயம்பட்ட மூன்று பேர் ஆளுக்கொரு சரிவில் பனியில் விழுந்தால் யார் தேடி எடுப்பது?

பிரான்ஸ் வந்த பிறகு? இதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை பிரான்சின் தெற்குப் பகுதி ஜெர்மனியின் நேரடிப் பிடியில் இல்லை. 1942 நவம்பர் 11இல்தான் ஜெர்மன் படை அங்கேயும் நுழைந்தது. இவர்கள் பறந்தது 28ஆம் தேதி இரவு. ஆகவே கீழே நட்பான நிலம் ஒரு அடிகூட இல்லை.

ஆனால் என் மனதில் படுகிற பெரிய காரணம் வேறு. குதித்துப் பிழைத்த அந்த ஐவர் யார் என்று பாருங்கள். ஹைடர் அதில் இருக்கிறார். காயம்பட்ட வயர்லெஸ் ஆபரேட்டரும் இருக்கிறார். அவர்கள் விழுந்த மண்ணில் டாக்டர் இருந்தார், ஆம்புலன்ஸ் இருந்தது, சொந்த ஜனங்கள் இருந்தார்கள். மிடில்டன் அந்த நான்கு மணி நேரம் ஒற்றைக் கண்ணோடு ஓட்டியது அவர்களை அந்த மண்ணில் இறக்குவதற்காக. தான் பிழைக்கும் வழியைத் தேடி ஓட்டியிருந்தால் அவர் வேறு முடிவு எடுத்திருப்பார்.

எல்லோரும் வெளியேற, விமானத்தை யாராவது நேராகப் பிடிக்க வேண்டும். பிடிப்பவர் கடைசி. கையை எடுத்ததும் இறக்கையில் ஓட்டை விழுந்த விமானம் ஒரு பக்கமாகச் சாயும். அதற்குள் அவர் இருக்கையை விட்டு எழுந்து வழிக்கு வர வேண்டும். ரத்தம் இழந்து, பேசுவதற்கே சிரமப்பட்டவரால் அது முடியாது. அது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

அந்த இருவர், முன்பக்கத் துப்பாக்கி வீரர் மேக்கியும் ஃபிளைட் எஞ்சினியர் ஜெஃப்ரியும், ஏன் இருந்தார்கள் என்றால், அவருக்கு உதவ என்றுதான் அறிவிப்பில் இருக்கிறது. மறுநாள் அவர்கள் உடல்கள் கடலில் கிடைத்தன. அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. வகுப்பில் அவர்கள் பெயரையும் சொல்லுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். விருது ஒருவருக்குத்தான் கிடைத்தது. இறந்தது மூன்று பேர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் மிடில்டன் எடுத்த பெரிய முடிவு கடைசியில் எடுத்தது இல்லை. போகும் வழியில், ஆல்ப்ஸ் மேலேயே, திரும்பிப் போக எரிபொருள் மட்டுமட்டாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் எடுத்தது. திரும்பியிருந்தால் நியாயமான காரணம் இருந்தது. முன்னால் மற்ற விமானங்கள் போட்ட விளக்குக் குண்டுகள் தெரிந்ததும் போகலாம் என்று முடிவு செய்தார். அவர்கள் கிளம்பிய லேகன்ஹீத் தளத்திலிருந்து டூரினுக்கு நேர்கோடு போட்டாலே போக வர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நேவிகேட்டராக அந்த விமானத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டு அவரிடம் கொடுத்திருப்பேன், அவர் சொல்வதைக் கேட்டிருப்பேன். விமானத்தில் யார் பெரிய பதவி என்பது கணக்கில்லை. ஓட்டுபவர்தான் கேப்டன். மிடில்டன் வெறும் ஃபிளைட் சார்ஜென்ட், அதிகாரிக்குக் கீழே உள்ள பதவி.

பேரிஜம் வாசி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். மேலே ஐயா எழுதியது அருமை. ஆனால் இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். டூரினில் கீழே இருந்தவர்கள் யார்?

ஃபியட் தொழிற்சாலை என்கிறோம். அன்று இரவு அந்த நகரத்துக்குப் போனவை 228 விமானங்கள். 1942 பிப்ரவரியிலேயே பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு எழுத்தில் உத்தரவு வந்துவிட்டது: எதிரி நாட்டு மக்களின், அதிலும் தொழிலாளர்களின் மனவுறுதியை உடைப்பதே குறி என்று. அந்த இலையுதிர் காலத்தில் ஜெனோவா, டூரின், மிலான் மூன்றும் அப்படித்தான் அடிபட்டன. ராத்திரியானால் ஜனங்கள் நகரத்தை விட்டு வெளியே போய்த் தூங்கினார்கள். அதே ஃபியட் தொழிலாளர்கள்தான் 1943 மார்ச்சில் முசோலினி ஆட்சியிலேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களுடைய வீடுகள் மேலும்தான் குண்டு விழுந்தது.

விமானியின் கதையை மட்டும் சொன்னால் பிள்ளைகள் மேலேயிருந்து மட்டுமே பார்க்கப் பழகிவிடுவார்கள். டீச்சர் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். என் தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டபோது கீழே இருந்தவர். குண்டு போட்டவன் பெயரை அவர் கேட்டதில்லை. அருகில் இறந்தவர்களின் பெயரை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கோத்தகிரி டீச்சர்

வெலிங்டன் ஐயாவுக்கு மிக்க நன்றி. பேரிஜம் நண்பருக்கும்.

ஐயா எழுதியதைச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பிலேயே வாசித்துக் காட்டிவிட்டேன், திங்கள்வரை பொறுக்க முடியவில்லை. விமானத்தை நேராகப் பிடிப்பவர் கடைசி என்ற இடத்தில் கேள்வி கேட்ட அதே பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பா தேயிலை லாரி ஓட்டுநர், மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் தினமும் இறங்குபவர். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வாரு டீச்சர். பிரேக் பிடிக்கலைன்னா கிளீனரைத்தான் முதல்ல குதிக்கச் சொல்லணும். ஸ்டீயரிங்க விட்டா வண்டி பள்ளத்துக்குப் போயிரும், மலைப்பக்கமா ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்னு." வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஓட்டுநர்கள் உண்டு. அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போனது.

பேரிஜம் நண்பர் சொன்னது நியாயம். டூரின் நகர மக்களைப் பற்றி நான் ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. அடுத்த பீரியடில் வரைபடத்தை வைத்து மூன்று இத்தாலிய நகரங்களையும் குறிக்கச் சொல்லி, அங்கே என்ன நடந்தது என்று சொல்லப் போகிறேன். ரங்கூனையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலும் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்கள் உண்டு. உங்கள் தாத்தா நினைவில் வைத்திருந்த விஷயங்கள் எழுத்தில் இருந்தால் தனியாக அனுப்ப முடியுமா?

வெலிங்டன் ஓய்வு

பேரிஜம் தம்பிக்கு: நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. மூன்று முறை தாழப் பறந்து இலக்கைத் தேடினார் என்பதைக் காட்டி, அவர் மக்களைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று நான் வாதாட மாட்டேன். அவருக்குக் கொடுத்த வேலை குண்டு போடுவது, போட்டார்கள். படையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உத்தரவு கொடுத்தவர்களை ஒரு தட்டிலும், அந்த இரவில் எட்டுப் பேர் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க எனக்கு மனம் வருவதில்லை. இரண்டும் நடந்தது. இரண்டையும் சொல்லிக்கொடுப்பது டீச்சர் வேலை. அவர் அதைச் செய்வார் என்று தெரிகிறது.

படையின் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்கு. ஆஸ்திரேலியர்கள் சுமார் 10,000 பேர் அந்தப் படையில் பறந்தார்கள், 3,486 பேர் சண்டையில் இறந்தார்கள். நாரோமைன் மாதிரி ஊர்களில் கற்றுக்கொண்டு, கப்பலில் கனடா போய், அங்கிருந்து அட்லாண்டிக் தாண்டி, தங்கள் ஊரை யாரும் தாக்காத ஒரு போர்முனைக்குப் போனவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியபோது ஆஸ்திரேலியாவுக்கே ஆபத்து வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் டார்வின் மீதே குண்டு விழுந்தது. இவர்கள் அப்போது இங்கிலாந்தில். சொந்த ஊர் அடிபடும்போது வேறு ஊருக்காகப் பறந்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல நேரம் யோசித்திருக்கிறேன்.

சஃபோக் நர்ஸ்

குன்னூர் பொண்ணு நான். இப்போது இங்கிலாந்தில் வேலை. டியூட்டி முடிந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பெக் ரோ என்ற பெயர் நினைவுக்கு வந்தது. நான் இருக்கும் இடத்திலிருந்து கார் தூரம்தான், மிடில்டன் கல்லறை அங்கே இருக்கிறது. அதனால் இந்த ஞாயிறு போய்வந்தேன்.

டீச்சர் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. விமானம் விழுந்தது நவம்பர் 29 அதிகாலை. மிடில்டனின் உடல் டோவர் கடற்கரையில் ஒதுங்கியது 1943 பிப்ரவரி 1ஆம் தேதி. இரண்டு மாதத்துக்கு மேல் கடலில் இருந்திருக்கிறார். விக்டோரியா கிராஸ் அறிவிப்பு ஜனவரியிலேயே வந்துவிட்டது. விருது வந்த பிறகுதான் ஆள் கிடைத்தார். அப்புறம் பெக் ரோவில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சின்ன கிராமம். கல்லறைத் தோட்டமும் சின்னதுதான். போர் வீரர்களுடைய வெள்ளைக் கற்கள் ஒரே அளவில் நிற்கின்றன. புல் நன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மில்டன்ஹால், லேகன்ஹீத் இரண்டு விமான தளங்களும் இன்றைக்கும் இயங்குகின்றன, அமெரிக்க விமானப்படையினர் இருக்கிறார்கள். வார நாளில் வந்தால் ஜெட் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது என்று அங்கே சந்தித்த ஒரு அம்மா சொன்னார். நான் மல்லிகைக்கு எங்கே போவது, கடையில் கிடைத்த மஞ்சள் பூவை வாங்கி வைத்தேன். டீச்சர் வகுப்புக்காக என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

எமர்ஜென்சி வார்டில் வேலை பார்ப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முகத்தில் அவ்வளவு பெரிய காயத்தோடு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கண் போன உடனே தூரம் கணிக்கவே முடியாது, தண்ணீர் டம்ளரைக்கூடத் தவறவிடுவார்கள். ரத்தம் போகப் போகக் குளிர் எடுக்கும், தூக்கம் வரும். முன்கண்ணாடி உடைந்த விமானத்தில், நவம்பர் காற்று நேராக முகத்தில் அடிக்க, நான்கு மணி நேரம். அவர் தூங்காமல் இருந்தது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிரான்ஸ் கரையில் மறுபடி சுட்டபோது விமானத்தை வளைத்துத் தப்பிக்கவும் அவரிடம் சக்தி இருந்திருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் சொல்கிறேன். மிக்க நன்றி.

ஐயா, இன்னும் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்று: சில இடங்களில் ஃபிளைட் சார்ஜென்ட் என்றும் சில இடங்களில் பைலட் ஆஃபிசர் என்றும் போட்டிருக்கிறதே, எது சரி? இரண்டு: கரையில் எல்லோரும் குதித்த பிறகு, கடலுக்குப் போகாமல் ஏதாவது வயலில் இறக்கப் பார்த்திருக்கலாம் அல்லவா?

வெலிங்டன் ஓய்வு

இரண்டும் சரி. பறந்தபோது அவர் ஃபிளைட் சார்ஜென்ட். அதிகாரியாகப் பதவி உயர்வு இறந்த பிறகு வந்தது, ஆனால் 1942 நவம்பர் 14 முதல் என்று முன்தேதியிட்டு. அந்தக் கணக்குப்படி டூரினுக்குப் போன இரவில் அவர் அதிகாரி.

இரண்டாவது. ஐந்து நிமிட எரிபொருள், இருட்டு, ஒற்றைக் கண், ஓட்டை விழுந்த இறக்கை. அந்தக் கரை முழுக்க ஊர்கள், வீடுகள். நான்கு எஞ்சின் விமானம் இருட்டில் வயலைத் தேடி இறங்கினால் எந்தக் கூரை மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்கள் குதிக்கும்வரை கரையை ஒட்டி ஓட்டுவது, பிறகு கடல் பக்கம் திருப்புவது, இதுதான் அவர் போட்டிருந்த திட்டம். விழுந்தது கென்ட் மாவட்டத்தில் டிம்சர்ச் என்ற ஊருக்கு எதிரே உள்ள கடலில். வரைபடத்தில் டோவருக்குத் தென்மேற்கே பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை எப்போதாவது சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனால், நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பராமரிக்க வழியில்லாத பல ஊர்க் கல்லறைகளிலிருந்து இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். 850க்கும் மேற்பட்ட கற்கள். அரை மணி நேரம் போதும், அனுமதிக் கட்டணம் கிடையாது. கற்களில் வயதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், ஒரு விண்ணப்பம். வெலிங்டனிலிருந்து எங்கள் பள்ளிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒரு நாள் வந்து பிள்ளைகளிடம் நேரில் பேச முடியுமா? தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்தார். கேள்வி கேட்ட பெண்ணின் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லீவு போட்டு வருகிறாராம்.

வெலிங்டன் ஓய்வு

கட்டாயம் வருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கேன்டீனுக்குப் போக வேண்டிய நாள். செவ்வாய்க்கிழமை காலை வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பா வரைபடம் ஒன்று பெரியதாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கரும்பலகையில் நானே வரைந்துகொள்கிறேன். பழைய நேவிகேஷன் அளவுகோலும் கம்பாஸும் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். டூரின்வரை கோடு போட்டு, எரிபொருள் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம். ஓட்டுநர் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள், மலையில் லோடு வண்டி எவ்வளவு டீசல் குடிக்கும், சமவெளியில் எவ்வளவு என்று அவர் கணக்கையும் குறித்துக்கொண்டு வரட்டும். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.